யாரையும் கேட்டதில்லை

கல்லறைத் தோட்டத்துத் திருப்பம் வருவதற்குச் சற்று முன்பே வெர்டெல் பிங்க்னி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுகிறார். வேன் தன் இஷ்டத்துக்கு உருள்கிறது. பின்னால் வரும் மரலாரி ஹாரன் அடிக்கிறது. வெர்டெல் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, முந்திப் போ என்று காட்டுகிறார். இரண்டாவது வரிசையில் மிஸ் ஒடெஸா கிரம்ப்ளி தன் மாமாவின் கோவேறு கழுதையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறார். தேர்தல் நாளன்று அது நடுச்சாலையில் படுத்துவிட்டது. வெள்ளைக்காரர்களின் கார்கள் வரிசையாக நிற்கின்றன. ஷெரீஃப் இறங்கி வருகிறார். கழுதை எழுந்திருக்கும்வரை வெர்டெல் அந்தத் திருப்பத்தைத் தாண்டமாட்டார்.

அந்த அம்மாள் ஓட்டுவது சிறுநீரக நோயாளிகளின் வேன். வாரத்தில் மூன்று நாள் பெத்தேலிலிருந்து எங்களை ஏற்றிச் சென்று, டவுனில் உள்ள டயாலிசிஸ் மையத்தில் இறக்கிவிட்டு, ரத்தம் சுத்தமானதும் திரும்பக் கூட்டி வருவார். பெத்தேல், ஜார்ஜியாவில் ஆற்றோரம் இருக்கும் கறுப்பர் ஊர். அடிமைத்தனம் முடிந்ததும் எங்கள் முன்னோர் கூட்டாகச் சேர்ந்து வாங்கிய மண். வரைபடத்தில் வெகுகாலம் அதற்குப் பெயர் போடாமலே வைத்திருந்தார்கள். சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் மட்டும் முகவரி விசாரிக்காமல் வீட்டுக்கு வீடு வந்து சேர்ந்தன.

வெயிலை மறைப்பதற்கு ஓட்டுநரின் தலைக்கு மேல் இருக்கும் அட்டையில், துணி உலர்த்தும் கிளிப் ஒன்றால் சிறிய ஒலிப்பதிவுக் கருவியைச் செருகி வைத்திருக்கிறார். முன்பெல்லாம் கேசட் ரெக்கார்டர். அது இரண்டு இருக்கைகளுக்கு நடுவே துண்டில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எதற்காக ஆரம்பித்தீர்கள் என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான்: "ரேடியோ கெட்டுப்போச்சு. சும்மா எப்படி ஓட்டறது?" ரேடியோவை யாரோ பழுதுபார்த்துக் கொடுத்த பிறகும் அவர் அதைத் திருகியதில்லை.

எங்களுக்கு அவர் முகத்தைவிட முதுகுதான் பழக்கம். ஆண்கள் வைக்கும் பழுப்புத் தொப்பி, அதன் விளிம்புக்குக் கீழே நரைத்த சின்னச் சின்னப் பின்னல்கள், கோடையிலும் கழற்றாத நீலச் சட்டையின் காலர். பின்னால் இருப்பவர்களைக் காட்டும் கண்ணாடியை வேனின் கூரையைப் பார்க்கத் திருப்பிவிட்டிருப்பார். மையத்திலிருந்து சோதனைக்கு வருகிறவர் அதைச் சரியாக வைத்துவிட்டுப் போவார். அவர் தலை மறைந்ததும் கண்ணாடி மறுபடி கூரையைப் பார்க்கும். யாராவது பேச்சின் நடுவில் தயங்கினால் வெர்டெல் திரும்பாமலே சொல்வார்: "நீங்க பாட்டுக்குப் பேசுங்க. நான் ரோட்டப் பாத்துக்கறேன்."

அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முகத்துக்கு நேராக நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து கேட்பவரிடம் பெத்தேலின் மூத்தவர்கள் எதையும் சொல்லமாட்டார்கள். அப்படி உட்கார்ந்து கேட்டவர்கள் வரி வசூலிக்க வந்தவர், நிவாரண அலுவலகத்துப் பெண், போலீஸ்காரர். முதுகைக் காட்டிக்கொண்டிருப்பவரிடம் சொல்வது வேறு. மிஸ் ஒடெஸாவின் தாயார் வாக்காளராகப் பெயர் பதிந்த மறுநாள் வெள்ளைக்காரர்கள் அவர் வீட்டு மின்கம்பியை வெட்டிவிட்டார்கள். அவர் காரை வீட்டுப் பின்பக்கம் கொண்டுவந்து நிறுத்தி, முன்விளக்கைச் சமையலறை ஜன்னல்மேல் அடிக்கவிட்டு, பட்டாணியும் சோளரொட்டியும் சமைத்துப் பிள்ளைகளுக்குப் போட்டார். இதை மிஸ் ஒடெஸா சொந்தப் பிள்ளைகளிடம்கூடச் சொன்னதில்லை. வெர்டெலின் தொப்பியிடம்தான் முதலில் சொன்னார்.

உடம்புக்கு ஒன்றும் இல்லாதவர்களும் இப்போது ஏறுகிறார்கள். டவுனில் மருந்து வாங்க வேண்டும், சட்டைக்குப் பொத்தான் வாங்க வேண்டும் என்று காரணம் சொல்வார்கள். மளிகைக்கடை வழியாகப் போகும்போது மளிகைக்கடையில் நடந்தது வரும். பழைய பேஸ்பால் மைதானம் தாண்டும்போது அதில் ஆடியவர்கள் வருவார்கள். ஆகவே வெர்டெல் ஆளின் பெயரைப் போட்டு எதையும் எடுத்து வைப்பதில்லை. சாலையின் பெயரைத்தான் போடுகிறார். அவர் வீட்டில் படுக்கைக்கு அடியில் இருக்கும் செருப்புப் பெட்டிகளில் 'மில் சாலை, போகும்போது' என்றும் 'மில் சாலை, வரும்போது' என்றும் எழுதியிருக்கும். வரும்போது எல்லோரும் களைத்திருப்பார்கள். அந்தக் கதைகளில் பொய் குறைவு என்பது அவர் கணக்கு.

கதை பாதியில் இருக்கும்போது மையம் வந்துவிட்டால் அவர் நிறுத்துவதில்லை. வண்டிகள் நிற்கும் இடத்தைச் சுற்றிச் சுற்றி வருவார். நர்ஸ்கள் ஜன்னலில் கைகட்டி நின்று பார்ப்பார்கள். ஒருமுறை தலைமை நர்ஸ் இறங்கி வந்து வேனை மறித்துக்கொண்டு, இவர்களை இயந்திரத்தில் போட வேண்டுமா வேண்டாமா என்று கேட்டார். வெர்டெல் ஜன்னல் கண்ணாடியை இறக்கி, கதையில் எங்கள் சபை டீக்கன் இப்போதுதான் பாலத்திலிருந்து குதித்திருக்கிறார், கரையேறட்டும் என்று சொல்லிவிட்டு இன்னொரு சுற்றுப் போனார்.

உப்புத் தண்ணீரில் வேகவைத்த நிலக்கடலை என்றால் அவருக்கு உயிர். பெட்ரோல் பங்கில் ஆவி பறக்க விற்பார்கள். எங்களுக்கு உப்பு ஆகாது. எங்களை இறக்கிவிட்டு, வேனை மையத்தின் பின்பக்கம் கொண்டுபோய் மறைத்து நிறுத்தி, அதன் பிறகுதான் பொட்டலத்தைப் பிரிப்பார். திரும்பி ஏறும்போது எல்லா ஜன்னல்களும் திறந்திருக்கும். மிஸ் ஒடெஸா மூக்கை உறிஞ்சிவிட்டு, "இன்னிக்குச் சூடா இருந்துச்சு போல கண்ணு" என்பார். வெர்டெலின் முதுகு பதில் சொல்லாது.

ஏறுகிற எல்லோரிடமும் அவர் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ஞானஸ்நானத்தன்று ஆற்றுக்குள் முங்கி மேலே வந்தபோது முதலில் கண்ணில் பட்டது என்ன? எங்கள் சபையில் தலைமுறை தலைமுறையாக எல்லோரும் ஆற்றில் முங்கியவர்கள்தான். பரலோகம் திறந்ததைப் பார்த்தேன் என்று இதுவரை ஒருவரும் சொல்லவில்லை. அக்கரையில் மாடு ஒன்று சாணி போட்டுக்கொண்டிருந்தது என்றார் ஒருவர். பாஸ்டரின் மூக்கு நுனியில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது என்றார் இன்னொருவர். மிஸ் ஒடெஸாவுக்குத் தன் தாய் அழுதுகொண்டிருந்தது தெரிந்தது. "ஆனந்தக் கண்ணீருன்னு நெனச்சேன். சனிக்கிழம பூரா சூட்டுச் சீப்ப வெச்சு எந்தலைய இழுத்து இழுத்து நேராக்கியிருந்தா. ஒரே முங்குல எல்லாம் சுருண்டு மேல போயிடுச்சு. அதுக்கு அழுதிருக்கா."

நாங்கள் முங்கும் அந்த ஆற்றுத் துறைக்குப் போகும் வழிதான் அடைபட்டது.

ஆற்றங்கரை நிலம் ராஃப்டன் என்ற வெள்ளைக்காரக் குடும்பத்தின் பேரில் இருந்தது. பெரிய ராஃப்டன் மர ஆலை வைத்திருந்தவர். அவர் காலமெல்லாம் முடிந்து, வாரிசுகள் நிலத்தை அட்லாண்டாக்காரர் ஒருவருக்கு விற்றார்கள். அவர் பெயர் பிரான்ட். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. யாராவது மூழ்கிச் செத்தால் தன்மேல் வழக்கு வரும் என்று பயந்து, பாதைக்குக் குறுக்கே இரும்பு கேட் போட்டுப் பூட்டினார். பூட்டிய கையோடு எங்கள் பாஸ்டர் மோஸ்லிக்குப் பழக்கூடையும் அனுப்பினார். அதிலிருந்த வாழைப்பழத்தை எங்களில் பாதிப் பேர், சிறுநீரகம் கெட்டவர்கள், தொடக் கூடாது.

சபைக்குள் பிரசங்க மேடைக்கு அடியில் தொட்டி கட்டியிருக்கிறார்கள். வெந்நீர் வசதி உண்டு. மிஸ் ஒடெஸா அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "கழுவின பாவமெல்லாம் அந்த ஓட்ட வழியா எங்க போகும்? நேரா நம்ம சமையக்கட்டுக்குத்தான்" என்றார். ஞானஸ்நானத்துக்குப் பெயர் கொடுத்தவர்கள் ஆறு திறக்கட்டும் என்று காத்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் வெர்டெலின் கணவர் அலோன்ஸோ. எழுபது வயதைத் தாண்டியவர். கல்யாணமான நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவியைச் சபையில் இறக்கிவிட்டு, வாசலில் காரில் உட்கார்ந்தபடி செய்தித்தாள் படித்தே காலம் தள்ளியவர். மாரடைப்பு ஒன்று வந்து போன பிறகு, சரி, முங்குகிறேன் என்றார். அவர் சரி என்ற மாதத்தில்தான் கேட் வந்தது. தொட்டியில் இறங்கமாட்டேன் என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டார். அவருடைய தாய் இறங்கிய இடம் ஆறு.

இன்னொரு அடைப்பு வந்தால் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வெர்டெல் இதைப் பற்றிப் பேசவில்லை. வேனை மட்டும் கொஞ்சம் வேகமாக ஓட்ட ஆரம்பித்தார். எங்களுக்குப் புரிந்தது.

சபைக்காக வழக்கை எடுத்தவர் கெட்டூரா போல்ஸ் என்ற இளம் வக்கீல். பெத்தேலில் பிறந்தவர், பாடகர் குழுவில் சுருதி விலகிப் பாடியவர். சபைச் சமையலறையில் நின்றுகொண்டு சட்டத்தை எங்களுக்குப் புரியும்படி சொன்னார். பல வருடம், எல்லோரும் பார்க்க, யாருடைய அனுமதியும் இல்லாமல் ஒரு வழியில் நடந்திருந்தால் அந்த வழி நடந்தவர்களுக்குச் சொந்தம். ஆனால் நிலத்துக்காரர் தயவில் நடந்தோம் என்று வந்துவிட்டால் அது வெறும் தயவு. புதிதாக வந்தவர் அதை நிறுத்திக்கொள்ளலாம்.

"அவங்க விட்டாங்க, நாங்க போனோம்னு ஒரு வார்த்த வந்தாலும் போச்சு" என்றார்.

வெர்டெல் செருப்புப் பெட்டிகளை வேனில் ஏற்றிக்கொண்டு போய் அவர் அலுவலகத்தில் இறக்கினார். ஆற்றுச் சாலை, போகும்போது. ஆற்றுச் சாலை, வரும்போது.

முதல் நாள் விசாரணையில் அந்தக் குரல்கள் நீதிமன்றத்தில் ஒலித்தன. பலர் இறந்துபோனவர்கள். இண்டிகேட்டரின் டிக் டிக் சத்தத்துக்கு நடுவே அவர்கள் வெள்ளை அங்கி உடுத்தினார்கள், பாடிக்கொண்டே பாதையில் இறங்கினார்கள், முங்கினார்கள், மாட்டைப் பார்த்தார்கள். பெஞ்சுகளில் இருந்தவர்கள் தங்கள் வீட்டுக் குரல் வரும்போதெல்லாம் மெல்ல ஆமென் சொன்னார்கள். நீதிபதி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி விட்டுக்கொண்ட ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, அதைத் தடுக்கவில்லை. மூக்குச் சொட்டுக்குச் சிரிக்கவும் செய்தார்.

பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். தன்னிடமும் ஒரு குரல் இருக்கிறது என்றார். பல்கலைக்கழக மாணவர் ஒருவர் வெகுகாலத்துக்கு முன் பெத்தேலுக்கு வந்து எடுத்த பதிவு. பல்கலைக்கழகக் காப்பகத்தில் பத்திரமாக இருந்தது. அதில் நடுவயது ஆண் ஒருவர் நிதானமாகப் பேசினார்: "பெரியவர் ராஃப்டன் ரொம்ப நல்ல மனுஷருங்க. ஆத்துக்கு நாங்க போறதுக்கு அவர்தான் மனசு வெச்சு விட்டாருங்க."

குரல் எங்கள் டீக்கன் லியாண்டர் டிஸ்டேலுடையது. இப்போது எண்பதைக் கடந்தவர். வேனில் வெர்டெலுக்கு நேர் பின்னால் உட்காருகிறவர். ஞானஸ்நானத்தின்போது முதலில் ஆற்றில் இறங்கி, நீண்ட கோலை ஊன்றி ஆழம் பார்த்துச் சொல்வது அவர் வேலை.

பெஞ்சுகளில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. அந்தக் குரல் எங்களுக்குத் தெரியும். எங்கள் வீடுகளில் எல்லோரிடமும் அப்படி ஒன்று இருந்தது. வாசலில் வெளியாள் வந்து நின்றால் எடுத்துப் போட்டுக்கொள்கிற குரல். அவர் போனதும் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவோம். நீதிபதிக்கு அது தெரிய வழியில்லை. கெட்டூரா பேனாவை மூடி வைத்துவிட்டார்.

அடுத்த நாள் வேனில் டீக்கன் ஜன்னல் பக்கம் பார்த்தபடி வந்தார். மிஸ் ஒடெஸா அவருக்கு ஒன்றுவிட்ட தங்கை. சும்மா விடுவாரா.

"ஏன் லியாண்டர் அண்ணே, வெள்ளக்காரப் பையன் ஒருத்தன் டேப்போட வந்தா சாத்தானையும் நல்ல மனுஷன்னு சொல்லிடுவியா நீ?"

"வாய மூடு ஒடெஸா."

"சங்கிலியப் பத்திச் சொல்லு. நான் அப்ப எங்கம்மா வயித்துல இருந்தேன். நானும் தாண்டினவதான். எங்கம்மா சாகறப்போ ஒரு வார்த்த சொன்னா. மிச்சம் ஒனக்குத்தான் தெரியும்."

"அதச் சொல்லக் கூடாதுன்னு எங்கப்பா சொல்லியிருக்காரு."

என்ன சங்கிலி என்று நாங்கள் யாரும் கேள்விப்பட்டதில்லை. வெர்டெலும் கேட்கவில்லை. அட்டையில் இருந்த கருவியைக் கழற்றி அணைத்து, முன்னால் இருந்த பெட்டிக்குள் போட்டு மூடினார். மையத்துக்குப் போகும் வழியை விட்டு ஆற்றுச் சாலையில் திரும்பினார். கேட்டைத் தாண்டும்போது நடக்கிற வேகத்தில் ஓட்டினார். டீக்கன் கேட்டைப் பார்த்தார். வேன் மையத்துக்குப் போகும் சாலைக்குத் திரும்பியது. அன்றைக்கு மையத்தில் நாங்கள் எல்லோரும் திட்டு வாங்கினோம்.

இரண்டாம் விசாரணையில் டீக்கனைச் சாட்சி நாற்காலிக்கு அழைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தார். எதிரே பிரான்ட், அவர் வக்கீல், மூன்றாவது பெஞ்சில் பெரிய ராஃப்டனின் பேத்தி. டீக்கன் அந்தக் குடும்பத்தின் ஆலையில் பலகை அறுத்தே பிள்ளைகளை வளர்த்தவர். பைபிள்மேல் கைவைத்துச் சத்தியம் செய்தார். ஆற்றுக்குப் போக அனுமதி வாங்கினீர்களா என்று கெட்டூரா கேட்டார்.

டீக்கன் எழுந்து நிற்காத குறையாக நிமிர்ந்தார். முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு வந்தது.

"பெரியவர் ராஃப்டன் ரொம்ப நல்ல மனுஷருங்க" என்று ஆரம்பித்தார்.

முன் பெஞ்சில் இருந்த வெர்டெல் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். நீதிமன்றத்துக்குள் வரும்போது கழற்றி மடியில் வைத்திருந்தார். பிறகு உட்கார்ந்த இடத்திலேயே உடம்பை முழுக்கத் திருப்பி, டீக்கனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். இரண்டு கைகளும் பெஞ்சின் முதுகுப்பலகையைப் பிடித்திருந்தன, ஸ்டியரிங்கைப் பிடிப்பதுபோல.

அம்மா, நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று நீதிபதி கேட்டார்.

வெர்டெல் திரும்பவில்லை. "ஒக்காந்திருக்கேன் அம்மா. யாரையும் தொந்தரவு பண்ணல."

நீதிபதி டீக்கனைப் பார்த்தார். டீக்கன் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீதிபதி கண்ணாடியை இறக்கிக்கொண்டு, தொடருங்கள் என்றார்.

டீக்கனின் சிரிப்பு முதலில் போனது. பிறகு தோள்கள் இறங்கின. அவர் பேசியபோது அது வேனில் கேட்கிற குரல்.

"நான் சின்னப் பையன். போர் முடிஞ்சு நம்ம ஆளுங்க பட்டாளத்துலேருந்து திரும்பி வந்த கோடை. ஞாயித்துக்கெழம பாடிக்கிட்டே எறங்கறோம், வழியில சங்கிலி. ரெண்டு மரத்துக்கு நடுவுல முழங்கால் ஒசரத்துக்கு இழுத்துக் கட்டியிருக்கான். அந்தப் பக்கம் ராஃப்டன் வண்டியில ஒக்காந்திருக்கான். மடியில துப்பாக்கி. எங்கப்பாதான் முன்னால. அவர் பாட்ட நிறுத்தல. ஒரு கையால அங்கியத் தூக்கிக்கிட்டு ஒரு கால அந்தப் பக்கம் வெச்சாரு. அப்புறம் மத்தக் காலு. பின்னால எங்கம்மா. பின்னால மொத்த சபையும். கெழவிங்களக் கையப் புடிச்சுத் தாண்ட வெச்சாங்க. என்னத் தூக்கிக் குடுத்தாங்க. ஒருத்தரும் சங்கிலியத் தொடல. ஒருத்தரும் அவனப் பாக்கல."

நீதிபதி பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

"அடுத்த தடவையும் சங்கிலி இருந்துச்சு. அடுத்த தடவையும் தாண்டினோம். அவன் வந்து ஒக்காரறது நின்னுபோச்சு. சங்கிலி அங்கயேதான் இருந்துச்சு. நாலஞ்சு வருஷம், அது நடுவுல அறுந்து விழற வரைக்கும், தாண்டிக்கிட்டே இருந்தோம். அப்புறம் ராஃப்டன் டவுன்ல சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான், நாந்தான் மனசு வெச்சு அவங்கள விடறேன்னு. அது எங்கப்பா காதுக்கு வந்துச்சு. சொல்லிக்கட்டும் விடுன்னாரு. அவனுக்கும் டவுன்ல தல நிமிந்து நடக்கணும்ல. அவன் சொல்லிக்கட்டும், நாம நடந்துக்கிட்டிருப்போம். யாரும் சங்கிலியப் பத்திப் பேசாதீங்கன்னாரு. பேசல."

அனுமதி வாங்கினீர்களா என்று கெட்டூரா மறுபடி கேட்டார்.

"யாரையும் கேட்டதில்ல."

எதிர்த்தரப்பு வக்கீல் மரியாதையாகவே கேட்டார். அப்படியானால் அந்த மாணவரிடம் பொய் சொன்னீர்களா, டீக்கன்?

டீக்கன் அவர் பக்கம் திரும்பினார்.

"நல்ல பையன் ஐயா அவன். எங்க வீட்டுல பவுண்டு கேக் சாப்ட்டான். சாயங்காலம் டேப்ப எடுத்துக்கிட்டுக் காருல போயிடுவான். காலையில ஆலைக்கு வேலைக்குப் போக வேண்டியவன் நான்."

அந்த வக்கீல் இன்னும் ஏதோ எழுதி வைத்திருந்தார். அதைக் கேட்காமல் உட்கார்ந்துவிட்டார். ராஃப்டனின் பேத்தி கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

இரண்டும் ஒரே மனிதரின் வார்த்தை, எதை நான் எடுத்துக்கொள்வது என்று நீதிபதி கேட்டார். டீக்கன் சொன்னார், என் வார்த்தையை எடுத்துக்கொள்ள வேண்டாம், மரத்தைப் போய்ப் பாருங்கள். ஒரு மரம் புயலில் போய்விட்டது. இன்னொன்று இருக்கிறது.

நீதிபதி உண்மையிலேயே வந்தார். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தார். பிரான்ட் கேட்டைத் திறந்துவிட்டார். துறைக்கு இறங்கும் சரிவில் நிற்கும் அந்த மரத்தை நாங்கள் எல்லோரும் ஆயிரம் முறை கடந்திருக்கிறோம். அதன் அடிமரத்தில், எங்கள் முழங்கால் உயரத்தில், ஒரு வீக்கம், வயிறு பெருத்தவர் பெல்ட் இறுக்கிக் கட்டியதுபோல. நோய் என்று நினைத்திருந்தோம். நீதிபதி குனிந்து பட்டையைத் தடவினார். வீக்கத்தின் அடியில், புல்லுக்குள், துரு ஏறிய இரண்டு வளையங்கள் வெளியே தொங்கிக்கொண்டிருந்தன. மூன்றாவது வளையத்தில் பாதியை மரம் விழுங்கியிருந்தது. அவர் இழுத்துப் பார்த்தார். அது அசையவில்லை. பிரான்ட்டும் குனிந்து இழுத்துப் பார்த்தார். எழுந்து கைத்துருவைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, இதை யாரும் எனக்குச் சொல்லவில்லையே என்றார்.

"எங்களுக்கே இப்பத்தான் தெரியும்" என்றார் வெர்டெல்.

வழி சபையுடையது என்று தீர்ப்பு வந்தது. நீதிபதி அதைப் படித்து முடிக்கும் முன்பே பின் பெஞ்சில் யாரோ முனக ஆரம்பித்தார்கள். வார்த்தை இல்லாத ராகம். நீதிமன்ற ஊழியர் எழுந்து அமைதி என்றார். அடுத்த பெஞ்சு சேர்ந்துகொண்டது. அவர் இன்னொரு முறை அமைதி என்றார். அதற்குள் முழு அறையும் முனகிக்கொண்டிருந்தது. கெட்டூரா சுருதி விலகி அழுதுகொண்டே பாடினார். யாரும் அவரைத் திருத்தவில்லை. வெர்டெல் மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எங்கள் காதருகே வந்து, "கிளம்புங்க, மெஷினுக்கு நேரமாச்சு" என்றார். டவுனின் நடுவே, பகல் வெளிச்சத்தில், ஹாரன் அடித்துக்கொண்டே மையம்வரை ஓட்டினார். நர்ஸ்கள் வெளியே வந்து கைதட்டினார்கள். யாரோ தொலைபேசியில் முந்திக்கொண்டிருந்தார்கள்.

அதன் பிறகு பெரிய காப்பகங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பதிவுகளை ஆட்களின் பெயர் வாரியாகப் பிரித்துத் தர முடியுமா என்று கேட்டார்கள். நகல் எடுத்துக்கொள்ளுங்கள், சாலையைப் பிரிக்காதீர்கள் என்று வெர்டெல் சொல்லிவிட்டார். புரியாவிட்டால் வேனில் ஏறி உட்காரலாம், பின்வரிசையில் இடம் இருக்கிறது. அவர்களில் ஒரு பெண் உண்மையிலேயே ஏறினார். இரண்டு வாரம் மில் சாலையில் போய்வந்தார். மூன்றாவது வாரம் தன் சொந்த ஊர்க் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

ஆகஸ்ட் மாத முதல் ஞாயிற்றுக்கிழமை சபை முழுவதும் பாதையில் இறங்கியது. கேட்டைப் பிரான்ட் முந்தைய நாளே கழற்றிவிட்டிருந்தார். மரத்துக்குப் பக்கத்தில் சங்கிலி இருந்த இடம் வந்ததும், முன்னால் போன கிழவர்கள் தாங்களாகவே காலைத் தூக்கி வைத்தார்கள். பின்னால் வந்த எல்லோரும் அப்படியே தாண்டினார்கள். டீக்கனை ஆற்றில் இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் கேட்கவில்லை. டயாலிசிஸ் ஊசி போடுகிற கை நனையாதபடி ரொட்டி வாங்கிய பிளாஸ்டிக் பையை மாட்டி, ரப்பர் பேண்டுகளால் வெர்டெலே கட்டிவிட்டார். டீக்கன் கோலை ஊன்றி, மணலைத் தட்டி, இடுப்பளவு வந்ததும் நின்று, இங்கே என்றார். மிஸ் ஒடெஸா கரையிலிருந்து, "பள்ளத்துல விட்டுடாத அண்ணே, அந்தாளு கனம் ஜாஸ்தி" என்றார்.

முதலில் போனவர் அலோன்ஸோ. வெள்ளை அங்கிக்குள் அந்தப் பெரிய மனிதர் பள்ளிக்கூடத்துக்கு முதல்நாள் போகிறவர்போல இருந்தார். தண்ணீர் இடுப்பைத் தொட்டதும் ஒருமுறை திரும்பிக் கரையைப் பார்த்தார். பாஸ்டர் மோஸ்லி அவர் முதுகுக்கு ஒரு கையைக் கொடுத்து, மறு கையை வானத்துக்கு உயர்த்தி, வாயைத் திறந்தார். கரையில் பாடகர் குழு மூச்சை இழுத்தது. துண்டோடு நின்ற பெண்கள் முன்னால் வந்தார்கள்.

வெர்டெல் ஷூவோடு சேற்றில் இறங்கினார். கணுக்கால்வரை நனைந்து நின்றார். ஒலிப்பதிவுக் கருவியைப் பிடித்திருந்த கையைத் தண்ணீருக்கு மேலே, எட்டும் மட்டும் நீட்டினார். இன்னொரு கையின் உள்ளங்கையை, சற்று நிறுத்துங்கள் என்று, எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்தினார்.

பாஸ்டர் திறந்த வாயோடு நின்றார். அலோன்ஸோ பாதி சாய்ந்த நிலையில் மனைவியைப் பார்த்தார். பாடகர்கள் இழுத்த மூச்சை விடவில்லை. குழந்தை ஒன்று சிணுங்கி, அதுவும் அடங்கியது. வேர்களுக்கு அடியில் புகுந்து, டீக்கனின் கோலைச் சுற்றிக்கொண்டு, ஆறு சலசலத்துப் போய்க்கொண்டிருந்தது. நீட்டிய கருவிக்குள் அந்தச் சத்தம் மட்டும் போனது.

வெர்டெல் கையை இறக்கவில்லை.